காலிங்வுட் கால்பந்துக் கழகத்தின் அணித்தலைவர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலிங்வுட் என்பது எந்தக் கழகம்? அதன் அணித்தலைவர்களைப் பற்றித் தனியாகப் பேச என்ன இருக்கிறது?

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில், தொழிலாளர் குடியிருப்புகள் நெருங்கியிருந்த காலிங்வுட் பகுதியில் 1892இல் தொடங்கப்பட்ட ஆஸ்திரேலிய விதிக் கால்பந்துக் கழகம் இது. கறுப்பு வெள்ளைக் கோடுகள் போட்ட சட்டையை அணிவதால் இதன் வீரர்களை ‘மேக்பைஸ்’ என்பார்கள். மேக்பை என்பது அந்நாட்டில் எங்கும் காணக்கூடிய, அதே இரு நிறங்கள் கொண்ட பறவை. 1897இல் விக்டோரியக் கால்பந்து லீக் தொடங்கியபோது அதில் இருந்த எட்டுக் கழகங்களுள் இதுவும் ஒன்று. அந்த லீக்தான் 1990இல் ஆஸ்திரேலியக் கால்பந்து லீக் என்று பெயர் மாறியது. 2023 வரை காலிங்வுட் 16 முறை வாகையர் பட்டம் வென்றிருக்கிறது.

எல்லாக் கழகங்களுக்கும் அணித்தலைவர்கள் உண்டு. ஆனால் காலிங்வுட்டின் பட்டியலை மேலிருந்து கீழாகப் படிக்கும்போது இரண்டு செய்திகள் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன. ஒன்று, ஒரே குடும்பப் பெயர்கள் மீண்டும் மீண்டும் வருவது. மற்றொன்று, கழகத்துக்கு விசுவாசமாக இல்லை என்று கருதப்பட்டவர்கள், அணித்தலைவராகவே இருந்தாலும், தயவின்றி நடத்தப்பட்டது. கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றைத் தொட்டே செல்கின்றன.

இந்த ஆட்டத்தில் அணித்தலைவருக்கு விதிப்படி என்ன அதிகாரம் உண்டு?

மிகக் குறைவு. ஆட்டத்துக்கு முன் நாணயம் சுண்டும்போது அவர் நடுவர்களுடன் நிற்பார். சுண்டலில் வென்றால் எந்தப் பக்கம் நோக்கி முதலில் ஆடுவது என்று தீர்மானிப்பார். காற்று வீசும் திசை முக்கியமான மைதானங்களில் அது சாதாரண முடிவன்று. எதிரணியில் 18 பேருக்கு மேல் களத்தில் நிற்கிறார்கள் என்று ஐயம் எழுந்தால், தலைகளை எண்ணும்படி நடுவரிடம் கோரும் உரிமையும் அவருக்கு உண்டு. பழங்கால விதி போலத் தோன்றினாலும் அது இன்றும் புத்தகத்தில் இருக்கிறது. கிரிக்கெட்டில் பந்துவீச்சாளரை மாற்றுவது, களத்தடுப்பை அமைப்பது என்று அணித்தலைவர் செய்யும் வேலைகளையெல்லாம் இங்கே பயிற்சியாளரே எல்லைக்கோட்டுக்கு வெளியே இருந்து செய்கிறார். ஆகவே இந்த ஆட்டத்தில் அணித்தலைவரின் செல்வாக்கு விதிப் புத்தகத்திலிருந்து வருவதில்லை. உடன் ஆடுபவர்கள் அவருக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கிறார்கள் என்பதிலிருந்தே வருகிறது.

அணித்தலைவர், பயிற்சியாளர், கழகத் தலைவர் ஆகிய மூன்று பொறுப்புகளும் எப்போதும் தனித்தனியாகவா இருந்தன?

இல்லை. தொடக்க ஆண்டுகளில் அணித்தலைவரே பயிற்சியாளராகவும் இருப்பது வழக்கம். 1910இல் காலிங்வுட்டுக்குப் பட்டம் பெற்றுத் தந்த ஜார்ஜ் ஆங்கஸ் அப்படிப்பட்டவர். அவருக்குப் பின் 1912, 1913 ஆகிய இரண்டு பருவங்களில் அணித்தலைவராக இருந்த ஜாக் மெக்ஹேல், அந்தப் பொறுப்பை விட்ட பிறகும் பயிற்சியாளராகத் தொடர்ந்தார். தொடர்ந்தார் என்றால் சில ஆண்டுகள் அல்ல, 1949 வரை. அவர் பயிற்சியளித்த 714 ஆட்டங்கள் என்ற எண்ணிக்கையை 2015இல்தான் இன்னொருவர் தாண்டினார். இந்தப் பயிற்சியாளரின் நிழலிலேயே காலிங்வுட்டின் அணித்தலைவர்கள் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இருந்தார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், அக்காலத்து அணித்தலைவர்களைப் பற்றிய பல செய்திகள் தெளிவாகும். லீக் முழுவதிலும் ஒருவரே ஆடியும் பயிற்சியளித்தும் வந்த வழக்கம் 1981இல் நார்த் மெல்பர்னின் மால்கம் பிளைட்டோடு முடிந்தது.

அணித்தலைவராக இருந்தவர் பின்னாளில் கழகத் தலைவரானதும் உண்டு. 1923இல் அணியை வழிநடத்திய ஹாரி கர்ட்டிஸ் பிறகு பல ஆண்டுகள் கழகத்தின் தலைவராக இருந்தார். அவருக்குப் பின் அந்த நாற்காலியில் அமர்ந்தவர் சிட் கவன்ட்ரி. அவரைப் பற்றிக் கீழே விரிவாக வருகிறது.

முதல் அணித்தலைவர்கள் யார்?

லீக் தொடங்குவதற்கு முன்பே பெயர் பெற்றவர் பில் ஸ்ட்ரிக்லண்ட். 1896இல் காலிங்வுட்டும் சவுத் மெல்பர்னும் பருவ முடிவில் சமநிலையில் நின்றதால், பட்டத்தை முடிவு செய்ய ஒரு தனி ஆட்டம் நடத்த வேண்டியதாயிற்று. ஸ்ட்ரிக்லண்ட் தலைமையில் காலிங்வுட் அதை ஒரு கோல் வித்தியாசத்தில் வென்றது. அடுத்த ஆண்டு புதிய லீக்கில் முதல் அணித்தலைவரும் அவரே.

நூற்றாண்டின் திருப்பத்தில் அணித்தலைவராக இருந்த டிக் காண்டன் முற்றிலும் வேறு குணம் கொண்டவர். அவருடைய திறமையை யாரும் மறுக்கவில்லை; வாயைத்தான் அவரால் அடக்க முடியவில்லை. 1900இல் ஓர் ஆட்டத்தில் நடுவரை மிக இழிவாகப் பேசியதற்காக அவருக்கு வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது. பிறகு தடை நீக்கப்பட்டு அவர் ஆடத் திரும்பினார். ஆனால் 1902, 1903 ஆகிய ஆண்டுகளில் கழகம் லீக்கில் தன் முதல் இரண்டு பட்டங்களை வென்றபோது அணித்தலைவராக இருந்தவர் லார்டி டல்லக். 1903 இறுதியாட்டம் இரண்டு புள்ளி வித்தியாசத்தில் முடிந்தது. எதிரணியான ஃபிட்ஸ்ராய் கடைசித் தருணத்தில் உதைத்த பந்து கோல் கம்பத்துக்கு வெளியே போகாமல் இருந்திருந்தால் வரலாறு வேறாகியிருக்கும்.

1905க்கும் 1909க்கும் இடையில் சார்லி பன்னம், ஆல்ஃப் டம்மட், ஆர்தர் லீச், எடி ட்ரோஹன், பாப் நாஷ் என்று பொறுப்பு கைமாறிக்கொண்டே இருந்தது. இவர்களில் பன்னம் என்ற பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓர் அணித்தலைவரின் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார்கள் என்பது உண்மையா?

டான் மினோக்கின் கதை அது. 1914 முதல் 1916 வரை அவர் அணித்தலைவர். உடன் ஆடியவர்களும் பார்வையாளர்களும் ஒருசேர விரும்பிய மனிதர். 1916இல் படையில் சேர்ந்து ஐரோப்பாவுக்குப் போனார். அந்த ஆண்டு அக்டோபரில் ஆஸ்திரேலியப் படைவீரர்கள் லண்டனில் நடத்திய காட்சி ஆட்டத்திலும் ஆடினார். போர் முடிந்து திரும்பியவர், காலிங்வுட்டுக்கு ஆடாமல், அடுத்த பகுதியிலிருந்த பகை அணியான ரிச்மண்டுக்குப் போக அனுமதி கேட்டார். கழகம் மறுத்தது. அவர் 1919 பருவம் முழுவதும் ஆடாமல் உட்கார்ந்திருந்தார்; 1920இல் ரிச்மண்டின் அணித்தலைவராகவும் பயிற்சியாளராகவும் ஆனார். அதே ஆண்டு இறுதியாட்டத்தில் ரிச்மண்ட் 17 புள்ளி வித்தியாசத்தில் வீழ்த்திய அணி காலிங்வுட்டேதான். அடுத்த ஆண்டும் ரிச்மண்டுக்கே பட்டம்.

அதன்பின் காலிங்வுட் கழக அறையில் தொங்கிய மினோக்கின் படம் சுவரை நோக்கித் திருப்பப்பட்டது என்பது மெல்பர்னில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் செய்தி. தன் நண்பரான சக வீரர் ஒருவரைக் கழகம் நடத்திய விதம் பிடிக்காமல்தான் அவர் வெளியேறினார் என்றும் சொல்வார்கள். போர்முனையிலிருந்து உயிருடன் திரும்பிய ஒருவரிடம் இவ்வளவு கோபம் காட்டியது அக்காலத்துக் காலிங்வுட்டின் மனநிலையைக் காட்டுகிறது: இங்கே அணித்தலைவராக இருப்பது ஒரு பொறுப்பு மட்டுமன்று, உறவும்கூட, உறவை முறித்தவருக்கு வீட்டில் இடமில்லை.

சார்லி டைசன் ஏன் பொறுப்பை இழந்தார்?

1924 முதல் 1926 வரை அவர் அணித்தலைவர். 1926 இறுதியாட்டத்தில் காலிங்வுட் மெல்பர்ன் அணியிடம் படுதோல்வி அடைந்தது. அந்த ஆட்டத்தில் டைசன் வேண்டுமென்றே சரியாக ஆடவில்லை என்று ஊரில் பேச்சு கிளம்பியது. அது ஒருபோதும் நிரூபிக்கப்படவில்லை. இருந்தாலும் அவர் காலிங்வுட்டை விட்டு நார்த் மெல்பர்னுக்குப் போய்விட்டார். வதந்தி ஒரு மனிதரின் பெயரோடு நூறாண்டு ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதற்கு இதைவிடச் சோகமான எடுத்துக்காட்டு இந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் அவர் விட்டுச்சென்ற இடத்துக்கு வந்தவர் யார் என்பதைப் பார்த்தால், கழகத்துக்கு அது இழப்பாக அமையவில்லை.

எல்லாரிலும் வெற்றிகரமான அணித்தலைவர் யார்?

சந்தேகமின்றி சிட் கவன்ட்ரி. 1927இல் பொறுப்பேற்றார். அந்த ஒரே ஆண்டில் அணிக்குப் பட்டம் கிடைத்தது. லீக்கின் சிறந்த, நேர்மையான ஆட்டக்காரருக்குரிய பிரவுன்லோ பதக்கம் அவருக்குக் கிடைத்தது. கழகம் தன் சிறந்த வீரருக்காக அவ்வாண்டுதான் தொடங்கிய கோப்லண்ட் கோப்பையையும் முதல் ஆளாக அவரே வென்றார். அந்த இறுதியாட்டம் கொட்டும் மழையில், சேறும் சகதியுமான மைதானத்தில் நடந்தது. கோலுக்கு 6 புள்ளி, கம்பங்களுக்கு இடையே சற்று விலகிப் போகும் ‘பிஹைண்ட்’ அடிக்கு 1 புள்ளி என்பது இந்த ஆட்டத்தின் கணக்கு. அன்று காலிங்வுட் எடுத்தது 2 கோல், 13 பிஹைண்ட், ஆக 25 புள்ளி. ரிச்மண்ட் எடுத்தது 13. இன்றைய ரசிகர்கள் ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் ஒன்றிலேயே பல நேரங்களில் பார்க்கும் மொத்த எண்ணிக்கையைவிட, இரு அணிகளும் சேர்ந்து எடுத்த அது குறைவு.

பிறகு 1928, 1929, 1930 ஆகிய மூன்று ஆண்டுகளும் பட்டம் காலிங்வுட்டுக்கே. முதல் மூன்று இறுதியாட்டங்களில் தோற்றது ரிச்மண்ட், நான்காவதில் ஜீலாங். லீக்கின் வரலாற்றில் வேறு எந்த அணியும் தொடர்ந்து நான்கு பட்டங்கள் வென்றதில்லை. ஆகவே வேறு எந்த அணித்தலைவருக்கும் அந்தப் பெருமை இல்லை. 1929இல் லீக் சுற்றின் 18 ஆட்டங்களையும் அவர்கள் வென்றார்கள். அதே ஆண்டு சிட்டின் தம்பி கார்டன் கவன்ட்ரி 124 கோல்கள் அடித்து, ஒரு பருவத்தில் நூறைத் தாண்டிய முதல் ஆட்டக்காரரானார். ‘இயந்திரம்’ என்று பெயர் பெற்ற அந்த அணியில் ஒவ்வொருவரும் தன் வேலையை மட்டும் செய்தார்கள். அந்த இயந்திரத்தை வெளியிலிருந்து இயக்கியவர் மெக்ஹேல் என்றால், உள்ளே இருந்து எண்ணெய் விட்டவர் சிட் கவன்ட்ரி. உருவத்தில் பெரியவரல்லர், ஆனால் ரக் என்னும், நடுவர் மேலே எறியும் பந்துக்கு மோதும் கடினமான இடத்தில் ஆடினார்.

1934 வரை அவர் அணித்தலைவராக இருந்தார். பிறகு ஃபுட்ஸ்க்ரே அணிக்குப் பயிற்சியளிக்கப் போனார். அவருடைய படத்தை யாரும் திருப்பி வைக்கவில்லை. கழகத்தின் சம்மதத்தோடு போவதற்கும் கழகத்தை எதிர்த்துப் போவதற்கும் உள்ள வேறுபாடு அது. 1950களில் கழகத் தலைவராகத் திரும்பியும் வந்தார்.

குடும்பப் பெயர்கள் திரும்பத் திரும்ப வருவதாகச் சொன்னீர்கள். யார் யார்?

மிகப் பழைய இழை பன்னம் குடும்பத்தினுடையது. 1905இல் அணித்தலைவர் சார்லி பன்னம். அவர் மகன் ஆல்பி பன்னம் 1945இல் அணித்தலைவர். சார்லியின் மகள் வயிற்றுப் பேரன் லூ ரிச்சர்ட்ஸ் 1952இல் அணித்தலைவரானார். தாத்தா, தாய்மாமன், மருமகன் என்று மூன்று பேரும் ஒரே பொறுப்பில் அமர்ந்த இந்த வரிசையை நம் ஊர்க் கோயில் தர்மகர்த்தா வீடுகளில்தான் காணமுடியும். லூ ரிச்சர்ட்ஸ் 250 ஆட்டங்கள் ஆடினார். 1953இல் ஜீலாங்கை 12 புள்ளியில் வென்ற அணிக்கு அவரே தலைவர். அந்த வெற்றிக்குச் சில நாள்களுக்குப் பிறகுதான் மெக்ஹேல் இறந்தார். ஓய்வுக்குப் பின் லூ பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் பேசிப் பேசியே ஆட்டக் காலத்தைவிடப் புகழ் பெற்றார். 2017இல் மறைந்தார்.

காலியர் சகோதரர்களில் மூத்தவரான ஹாரி 1935 முதல் 1939 வரை அணித்தலைவர். 1935, 1936 பட்டங்கள் அவர் காலத்தவை. தம்பி ஆல்பர்ட் 1929இல் பிரவுன்லோ பதக்கம் வென்றவர். ஹாரிக்கும் அது 1930இல் வந்திருக்க வேண்டும்: மூவர் சம வாக்குகள் பெற்றபோது, குறைந்த ஆட்டங்கள் ஆடியவருக்கு என்று பதக்கம் வேறொருவருக்குப் போயிற்று. 1989இல்தான் லீக் அவருக்கு அதை வழங்கியது, ஏறக்குறைய அறுபது ஆண்டு தாமதமாக.

1970களில் வேய்ன் ரிச்சர்ட்சன், அவர் தம்பி மேக்ஸ் ரிச்சர்ட்சன் இருவரும் அணித்தலைவர்களாக இருந்தார்கள். அதைத் தொடர்ந்து ரே ஷாவும் அவர் தம்பி டோனி ஷாவும். பன்னம் வீட்டைப் போலவே தந்தைக்குப் பின் மகனும் அமர்ந்தது மூர் வீட்டிலும் உண்டு. அது பட்டியலின் கடைசியில் வருகிறது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நிலைமை என்ன?

வீரர்கள் படைக்குப் போய் வந்ததால் நிலையான தலைமை இல்லை. ஜாக் ரீகன், ஃபான்ஸ் கைன், பாட் ஃபிரிக்கர், ஆல்பி பன்னம் ஆகியோர் அந்த ஆண்டுகளில் பொறுப்பேற்றார்கள். இவர்களில் கைன் போருக்குப் பின் 1946 முதல் 1949 வரை மீண்டும் அணித்தலைவராக இருந்து, பிறகு மெக்ஹேலுக்கு அடுத்த பயிற்சியாளராகி 1953, 1958 பட்டங்களைப் பெற்றுத் தந்தார்.

1958 பட்டத்தின் அணித்தலைவர் யார்? சில இடங்களில் ஃபிராங்க் டக் என்றும், சில இடங்களில் மரே வைட்மன் என்றும் இருக்கிறதே?

இரண்டும் ஒருவகையில் சரி. 1958 பருவத்தின் அணித்தலைவர் ஃபிராங்க் டக். ஆனால் காயம் காரணமாக அவரால் இறுதியாட்டத்தில் இறங்க முடியவில்லை. 22 வயதான மரே வைட்மன் அன்று தற்காலிகத் தலைவராக ஆடினார். பட்டம் வென்ற அணித்தலைவர்களின் வரிசையில் அவர் பெயரே இடம்பெறுகிறது. பருவம் முழுவதும் உழைத்த டக்குக்கு இது எவ்வளவு வலித்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஆட்டத்துக்கு வேறொரு முக்கியத்துவமும் இருந்தது. 1955, 1956, 1957 ஆகிய மூன்று ஆண்டுகளும் பட்டம் மெல்பர்ன் அணிக்கு. நான்காவதையும் வென்றால் சிட் கவன்ட்ரி அணியின் சாதனை சமன் செய்யப்பட்டுவிடும். மெல்பர்ன்தான் வெல்லும் என்று எல்லாரும் நம்பினார்கள். வைட்மனும் பாரி ஹாரிசனும் முரட்டுத்தனமாக மோதி, மெல்பர்ன் வீரர்களின் கவனத்தைப் பந்திலிருந்து தங்கள் மேல் திருப்பினார்கள். மற்றவர்கள் பந்தைக் கவனித்துக்கொண்டார்கள். காலிங்வுட் 18 புள்ளியில் வென்றது. நியாயமான உத்தியா என்று கேட்டால் பதில் கேட்பவரின் அணியைப் பொறுத்தது. முன்னோர் ஈட்டிய சாதனை காக்கப்பட்டது என்பதே காலிங்வுட்காரர்களின் கணக்கு.

1958க்கும் 1990க்கும் இடையில் பட்டமே இல்லையா?

இல்லை. 1960, 1964, 1966, 1970, 1977, 1979, 1980, 1981 என்று எட்டு இறுதியாட்டத் தோல்விகள். இந்த வியாதிக்கு லூ ரிச்சர்ட்ஸ்தான் ‘காலிவாபிள்ஸ்’ என்று பெயர் வைத்தார். பயத்தில் வயிறு கலங்குவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு கழகத்தின் பெயரைக் கலந்த கிண்டல் அது. வெளியாள் சொல்லியிருந்தால் சண்டை வந்திருக்கும். சொன்னவர் பழைய அணித்தலைவர், வீட்டுப் பிள்ளை.

1960இல் வைட்மனின் அணி மொத்தமாக எடுத்ததே 14 புள்ளி. 1964இல் ரே காபெலிச் கதை வேறு. கனத்த உடம்புக்காரரான அவர், ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் பந்தைத் தரையில் தட்டித் தட்டிக்கொண்டே, அது இருமுறை கைநழுவப் பார்த்தும் விடாமல் ஓடிப்போய் கோல் அடித்துக் காலிங்வுட்டை முன்னிலைக்குக் கொண்டுவந்தார். அந்தக் கோல் வெற்றிக் கோலாகியிருந்தால் அவருக்குச் சிலை வைத்திருப்பார்கள். ஆனால் மெல்பர்ன் அணியின் தடுப்பாட்டக்காரர் நீல் கிராம்ப்டன் முன்னேறி வந்து அடித்த கோலால் காலிங்வுட் 4 புள்ளியில் தோற்றது. 1966இல் டெஸ் டடன்ஹம் தலைமையில் செயின்ட் கில்டாவிடம் 1 புள்ளியில் தோல்வி. 1970இல் டெரி வாட்டர்ஸ் தலைமையில், இடைவேளையின்போது 44 புள்ளி முன்னிலையில் இருந்துவிட்டு, 1,21,696 பேர் முன்னிலையில் கார்ல்டனிடம் 10 புள்ளியில் தோல்வி. ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து ஆட்டம் ஒன்றுக்கு வந்த கூட்டங்களில் இன்றுவரை இதுவே உச்சம். இந்த மூன்றின்போதும் பயிற்சியாளர் பாப் ரோஸ். மூன்றையும் கூட்டினால் அவர் தோற்றது 15 புள்ளி மட்டுமே.

1977இல் மேக்ஸ் ரிச்சர்ட்சன் தலைமையில் நார்த் மெல்பர்னுடன் ஆட்டம் 76க்கு 76 என்று சமநிலையில் முடிந்தது. அடுத்த வாரம் நடந்த மறு ஆட்டத்தில் 27 புள்ளியில் தோல்வி. 1979, 1980 தோல்விகள் ரே ஷாவின் பங்கு. 1981இல் பீட்டர் மூர், தோற்ற அணித்தலைவராகத் தனக்குக் கொடுக்கப்பட்ட பதக்கத்தைக் களத்திலேயே தூக்கி எறிந்தார். இருபத்து மூன்று ஆண்டு ஏமாற்றமும் அந்த ஒரு கைவீச்சில் தெரிந்தது என்பார்கள் அன்று பார்த்தவர்கள்.

டெஸ் டடன்ஹமிடமிருந்து பொறுப்பு ஏன் பறிக்கப்பட்டது?

பணத்துக்காக. காலிங்வுட்டில் நட்சத்திரமானாலும் சாதாரண வீரரானாலும் ஊதியம் ஒன்றே என்ற கொள்கை நெடுங்காலம் இருந்தது. 1970 பருவத்துக்கு முன், மேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து பீட்டர் ஈக்கின்ஸ் என்பவரைக் கழகம் பெரும் தொகைக்கு அழைத்து வந்தது. கொள்கை வெளியூர்க்காரருக்குப் பொருந்தாது, உள்ளூர்க்காரருக்கு மட்டும் பொருந்தும் என்றால் எந்த வீரர்தான் பொறுப்பார்? அணித்தலைவர் டடன்ஹமும் துணைத்தலைவர் லென் தாம்ப்சனும் பயிற்சிக்கு வர மறுத்தார்கள். பேச்சு நடந்து இருவரும் திரும்பினாலும், இருவரிடமிருந்தும் பதவி பறிக்கப்பட்டது. மினோக் காலத்திலிருந்து அரை நூற்றாண்டு கடந்தும் கழகத்தின் கோபம் மாறவில்லை.

ஆனால் இம்முறை கதை அங்கேயே முடியவில்லை. டடன்ஹம் எசன்டனுக்குப் போய் நான்கு பருவங்கள் ஆடியும் பயிற்சியளித்தும் இருந்துவிட்டு, 1976இல் காலிங்வுட்டுக்கு மீண்டும் அணித்தலைவராகவே வந்தார். அந்த ஆண்டு கழகம் தன் லீக் வரலாற்றில் முதன்முறையாகக் கடைசி இடத்தில் முடிந்தது என்பது வேறு விஷயம். லென் தாம்ப்சனும் 1978இல் அணித்தலைவரானார்.

டோனி ஷாவை ஏன் இன்னும் கொண்டாடுகிறார்கள்?

1990. எசன்டனை 48 புள்ளியில் வென்று 32 ஆண்டு வறட்சி முடிந்த நாள். டோனி ஷா குள்ளமானவர், வேகமில்லாதவர், உதையும் அழகானதன்று. இளமையில் அவரைப் பார்த்த யாரும் 313 ஆட்டங்கள் ஆடுவார் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். 1987 முதல் 1993 வரை அணித்தலைவராக இருந்த அவர், 1990 இறுதியாட்டத்தின் சிறந்த வீரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கத்தையும் வென்றார். வெற்றிக் கோப்பை வழங்கும் வழக்கமே 1959இல்தான் தொடங்கியது என்பதால், இறுதியாட்ட நாளில் அந்தக் கோப்பையைக் கையில் ஏந்திய முதல் காலிங்வுட் அணித்தலைவர் அவர்தான். நான்கு பட்டம் வென்ற சிட் கவன்ட்ரிக்கும் அது வாய்க்கவில்லை.

அவரைப் பற்றி எழுதும்போது இன்னொன்றையும் விட்டுவிட முடியாது. எதிரணியைக் குலைக்க உதவுமானால் இனவாதச் சொற்களையும் பயன்படுத்துவேன் என்ற பொருளில் 1991இல் அவர் பேசினார். பின்னாளில் அதற்கு வருத்தமும் தெரிவித்தார். அது ஒருவரின் தவறு மட்டுமன்று, அன்றைய களத்தின் மொழியே அப்படித்தான் இருந்தது. கழகத்துக்குள் இருந்த இனவாதத்தைப் பற்றிய அறிக்கை 2021இல் வெளியானபோது, கழகத்தின் ஆண், பெண் வீரர்கள் வெளிப்படையாக மன்னிப்புக் கடிதம் எழுதினார்கள்.

நேதன் பக்லி ஒரு பட்டமும் வெல்லவில்லை. பிறகு எப்படி அவர் மிகச் சிறந்த அணித்தலைவர்களில் ஒருவர்?

1994இல் பிரிஸ்பேனிலிருந்து வந்தவர். கேவின் பிரவுனுக்குப் பின் 1999இல் பொறுப்பேற்றார். அந்த ஆண்டு கழகம் கடைசி இடம். அதே ஆண்டுதான் விக்டோரியா பார்க் என்னும் பழைய சொந்த மைதானத்தில் லீக் ஆட்டங்கள் முடிவுக்கு வந்தன. அங்கிருந்து மூன்றே ஆண்டில், 2002இல், அணியை இறுதியாட்டத்துக்கு அழைத்துச் சென்றார். பிரிஸ்பேனிடம் 9 புள்ளியில் தோற்றார்கள். ஆனால் ஆட்டத்தின் சிறந்த வீரர் பதக்கம் தோற்ற அணித்தலைவரான பக்லிக்கே கிடைத்தது. 2003இல் பிரவுன்லோ பதக்கத்தை வேறு இருவருடன் பகிர்ந்துகொண்டார். அந்த ஆண்டும் பிரிஸ்பேனிடமே தோல்வி. கோப்லண்ட் கோப்பையை ஆறு முறை வென்றார். 2007 வரை அணித்தலைவர். பிறகு பயிற்சியாளராகவும் வந்து, 2018இல் வெஸ்ட் கோஸ்டிடம் 5 புள்ளியில் தோற்றார்.

பட்டத்தை மட்டும் வைத்து அளந்தால், ஒரு பிற்பகல் மட்டும் தலைமை தாங்கிய வைட்மன் பக்லியைவிட உயர்ந்தவர் ஆகிவிடுவார். அந்த அளவுகோல் எனக்குச் சரியாகப் படவில்லை.

நிக் மேக்ஸ்வெல், ஸ்காட் பெண்டில்பரி பற்றி?

ஸ்காட் பர்ன்ஸின் ஓராண்டுக்குப் பின் 2009இல் பொறுப்பேற்ற மேக்ஸ்வெல், முதன்மைப் பட்டியலில் இடம் கிடைக்காமல் புதியவர்களுக்கான பட்டியலில் சேர்க்கப்பட்டு மேலே வந்தவர். 2010இல் செயின்ட் கில்டாவுடனான இறுதியாட்டம் 68க்கு 68 என்று முடிந்தது. அடுத்த வாரம் மீண்டும் ஆடி 56 புள்ளியில் வென்றார்கள். இனி அப்படி ஒரு மறு ஆட்டம் நடக்காது. 2016இல் விதி மாறி, சமநிலை வந்தால் கூடுதல் நேரம் என்றாகிவிட்டது.

பெண்டில்பரி 2014 முதல் 2022 வரை. கூடைப்பந்திலிருந்து வந்தவர் என்பது, நெரிசலுக்கு நடுவிலும் அவர் அவசரமின்றிப் பந்தை வைத்திருக்கும் அழகில் தெரியும். 200க்கும் அதிகமான ஆட்டங்களில் அணியை வழிநடத்தியவர். பொறுப்பைத் தானே இறக்கி வைத்துவிட்டுச் சாதாரண வீரராகத் தொடர்ந்தார். பதவி விலகிய அடுத்த ஆண்டே பட்டம் கிடைத்தது.

அணித்தலைவரை இப்போது யார் தேர்ந்தெடுக்கிறார்கள்?

முன்பு கழகக் குழு கூடி அறிவிக்கும். இப்போது வீரர்கள் வாக்களிக்கிறார்கள். பயிற்சியாளர்கள் கலந்து பேசுகிறார்கள். நிர்வாகம் ஒப்புதல் தருகிறது. அணித்தலைவருக்குத் துணையாக நான்கைந்து பேர் கொண்ட தலைமைக் குழுவும் உண்டு.

டார்சி மூர் யாருடைய மகன்?

1981இல் பதக்கத்தை எறிந்த பீட்டர் மூரின் மகன். தந்தையின் கழகத்தில் மகன் சேர முன்னுரிமை தரும் விதியின் வழியே வந்தார். 2023இல் பெண்டில்பரிக்குப் பின் அணித்தலைவரானார். முதல் ஆண்டிலேயே, நமக்குக் கிரிக்கெட்டால் நன்கு தெரிந்த மெல்பர்ன் மைதானத்தில், பிரிஸ்பேனை 90க்கு 86 என்று நான்கு புள்ளியில் வென்று கோப்பையை வாங்கினார். 1964இல் காபெலிச் தோற்றதும் அதே நான்கு புள்ளியில்தான்.

பெண்கள் அணிக்கும் தனி அணித்தலைவர் உண்டா?

உண்டு. பெண்களுக்கான தேசிய லீக் 2017இல் தொடங்கியபோதே காலிங்வுட்டுக்கு அதில் அணி இருந்தது. முதல் அணித்தலைவர் ஸ்டெஃப் கியோச்சி. 2021இல் அவரும் பிரி டேவியும் இணைத்தலைவர்களாக இருந்தார்கள். கேவின் பிரவுனின் மகள் டார்னியும் இந்த அணியில் ஆடியிருக்கிறார். அவருடைய சகோதரர்கள் இருவர் ஆண்கள் அணியில் ஆடினார்கள்.